பல்லிக்கு எந்த மாத்திரை

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் உன் அக்காவும் சுகம். மகன் போன வாரம் பேசினான். அங்கே குளிர் அதிகமாம், வேலை பரவாயில்லையாம். நீயும் உன் வீட்டுக்காரி டீச்சர் தங்கச்சியும் சௌக்கியம்தானே? வேலை மாற்றலாகி அந்த ஊருக்குப் போன பிறகு லீவுக்காவது ஒழுங்காக வந்து போகிறாளா?

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீட்டுப் போன் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உன் மருந்துக்கடைப் போன் கல்லாவுக்குப் பக்கத்தில். கம்பெனி கொடுத்த போனில் பேசினால் ஆபீசில் பதிவாகும். இந்த மூன்றிலும் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. பதிலை வீட்டுக்குப் போடாதே. கவர் மூலையில் அச்சடித்திருக்கிற லிப்ட் கம்பெனி முகவரிக்கே போடு.

என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர். லிப்ட் ஓடுகிற ஷாஃப்ட்டுக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டே வேலை பார்ப்பார், அதனால் பல்லி என்று பெயர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். நல்ல மனுஷர். கொஞ்ச நாளாக அவருக்கு, எப்படி எழுதுவது, மனைவியிடம் போனால் உடம்பு ஒத்துழைப்பதில்லை. மனசு இருக்கிறது, மற்றது எழவில்லை. போதுமா? இதற்கு மேல் பச்சையாக எழுதினால் பேனா உருகிவிடும்.

மருந்துக்கடைக்காரன் மச்சினனாக இருக்கிறானே, கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னை அரித்து எடுக்கிறார். இதற்கு இரண்டு விதமான மாத்திரை இருக்கிறதாமே. எது நல்லது? அக்காவிடம் மூச்சு விடாதே. ஒரு நண்பரின் மானம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன்,
அத்தான்


ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் அக்காவும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

பல்லிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் இருமல் மருந்து கேட்டுவிட்டு, மற்றவர்கள் போகும்வரை பற்பசைகளைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனை பேர் தங்கள் நண்பருக்காக வருகிறார்கள் தெரியுமா? இந்த ஊரில் நட்பு அவ்வளவு ஆழமானது.

இரண்டு மாத்திரைதான் அதிகம் ஓடுகிறது. ஒன்று சில்டெனாபில், இன்னொன்று டடலாபில். பெயர் வாயில் நுழையாது, நாம் குட்டை, நெட்டை என்று வைத்துக்கொள்வோம். குட்டையை ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் சரியாக வேலை செய்யாது. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். முகம் சிவக்கும், தலை வலிக்கும். நெட்டை ஒன்றரை நாள் வரை உடம்பில் இருக்கும். சாப்பாடு பற்றிக் கவலை இல்லை. சிலருக்கு முதுகு வலிக்கும். மனசு இல்லாவிட்டால் இரண்டுமே வெறும் சுண்ணாம்பு.

ஆனால் டாக்டர் பார்க்காமல் எதுவும் கூடாது. சர்க்கரையா, ரத்த அழுத்தமா, இதயமா என்று பார்க்க வேண்டும். சில சமயம் உடம்பு இதன் மூலம்தான் முதல் கடிதம் போடும். முதலில் பல்லியை டாக்டரிடம் அனுப்புங்கள்.

அக்காவின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் சுகம். அக்காவுக்கு முதுகு அப்படியேதான் இருக்கிறது. தங்கச்சி எப்போது வருகிறாள் என்று நீ எழுதவே இல்லையே. அக்கா கேட்கச் சொன்னாள்.

பல்லி டாக்டரிடம் போய்விட்டு வந்தார். நம் கம்பெனி டாக்டர் இல்லை, பஸ் ஏறிப் போய் வேறு ஒருவரை. உள்ளே டாக்டர் இருக்கும் இடத்துக்கும் வெளியே ஆட்கள் உட்காரும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு திரைதானாம். டாக்டரும் சத்தமாகப் பேசுகிற ஆளாம். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது ஏதாவது உண்டா?" என்று கேட்டதற்கெல்லாம் நம் ஆள் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். டாக்டர் இரண்டு பெயரையும் எழுதி, உங்கள் வேலைக்குத் தோதானதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் இருந்த மூலையில் கிரீஸ் பட்டுக் கிழிந்துவிட்டது, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

நீ அங்கே தனியாக இருப்பதால் உன்னிடம் சொல்கிறேன். பல்லியின் மனைவி இப்போதெல்லாம் மகன் இருந்த அறையில் படுக்கிறாராம். மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு போனாராம். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அந்தம்மா புரண்டு படுக்கிற சத்தம் இவருக்குக் கேட்குமாம். கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பாராம், கூப்பிட்டுவிட்டு என்ன செய்வது என்று மூடிக்கொள்வாராம். இத்தனை வருஷம் ஆயிரம் பேரை லிப்டிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன், எனக்கு ஒரு கதவு திறக்கத் தெரியவில்லையே என்று சொன்னார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எதை வாங்கட்டும்? சீக்கிரம் எழுது.

அத்தான்


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. அன்று கடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிட்டேன்.

பல்லியின் மனைவியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத் தெரிந்து அந்த மாதிரிப் பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது போல என்று தாங்களே முடிவு செய்துகொண்டு, அதற்கு முதுகு வலி என்று பெயர் வைத்துவிடுவார்கள். பல்லியை மாத்திரைக்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

எது என்று கேட்டீர்கள். அவர் வேலையை நினைத்துப் பார்த்தேன். லிப்ட் நின்றுவிட்டது என்று எப்போது வேண்டுமானாலும் போன் வரும். குட்டையைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது எங்கோ யாரோ மாட்டிக்கொண்டால், முகம் சிவந்து தலைவலியோடு ஓடி, திரும்பி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். பரீட்சைக்குப் போகிற மாதிரி இருக்கும். நெட்டை என்றால் காலையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். சாயங்காலம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அவருக்கு நெட்டைதான் தோது.

ஆனால் ஒரு விஷயம், இதை அவரிடம் நேரில் கேட்டு எனக்கு எழுத வேண்டும். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவரிடம் இருக்கிறதா? இருந்தால் குட்டையும் கூடாது, நெட்டையும் கூடாது. இரண்டும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கயிறு அறுந்த லிப்ட் மாதிரி கீழே போகும். ஆள் பிழைக்க மாட்டார். அதிலும் நெட்டை போட்டால் இரண்டு நாளைக்கு அந்த ஆபத்து உண்டு. திரைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் இதில் பொய் கூடாது.

பெயர் கிழிந்த சீட்டுக்கு நான் மருந்து அனுப்ப முடியாது. சீட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன், நான் கேட்டதற்குப் பதில் வந்த பிறகு அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

அக்காவை ஒரு நாள் எங்காவது வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் தாமதம். பழைய கட்டடம் ஒன்றில் கயிறு மாற்றுகிறோம். புதுக் கயிறு பாரத்தில் நீண்டு பழகுகிறவரை லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் ஒரு விரல் கீழே போய் நிற்கும். ஏறுகிறவர்கள் எல்லாம் தடுக்கிக்கொண்டு என்னைத் திட்டுகிறார்கள்.

பல்லி நெட்டையை வாங்கிவிட்டார். மாதக் கடைசி சனிக்கிழமை மனைவிக்குப் பிறந்தநாளாம், அன்றைக்கு என்று வைத்திருக்கிறார். ஆள் திடகாத்திரமானவர், நீ வீணாகக் கவலைப்படாதே. ஒரு சேலை எடுத்திருக்கிறார். நீல நிறம். கொடுக்கும்போது என்ன சொல்வது என்று லிப்ட் மேலே நின்றுகொண்டு தனக்குத்தானே பேசிப் பார்க்கிறார்.

தங்கச்சி முழுப் பரீட்சை லீவுக்கு வருகிறாள்தானே? அரைப் பரீட்சை லீவுக்கு அவள் வந்தாளா என்றுகூட நீ சொல்லவில்லை. இருவருமாக இங்கே வாருங்கள். அக்காவுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்.

அத்தான்


மார்ச் 17

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கயிறு பற்றி எழுதியிருக்கிறீர்கள், சேலையின் நிறம் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் இல்லை. திடகாத்திரம் என்பது பதில் இல்லை. என் கல்லாவுக்கு முன்னால் நின்று திடகாத்திரமாகச் செத்துப்போன ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பரின் மனைவிக்கும் என் அக்காவுக்கும் ஒரே நாளில் பிறந்தநாள். சந்தோஷம். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நெஞ்சு மாத்திரை உண்டா, இல்லையா, ஒரு வார்த்தை. நெட்டையைச் சொன்னது நான். அந்த சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் கவர் மூலையில் இருக்கும் ஆபீஸ் நம்பருக்குப் பேசிவிடுவேன். மானம் போனாலும் போகட்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தானை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் இதயத்தில் ஒரு ரத்தக் குழாய் பாதி அடைத்திருக்கிறது. அன்றைக்குப் போனில் ஆஸ்பத்திரி, உயிர் இருக்கு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லாம் தெரிந்துகொண்டேன். பல்லி, குட்டை, நெட்டை எல்லாவற்றையும். உன் கடிதங்கள் அவருடைய டூல் பைக்குள் ஸ்பானருக்கு அடியில் இருந்தன. கடைசிக் கடிதம் பிரிக்கவே இல்லை. அதில் என்ன கேட்டிருப்பாய் என்று தெரிந்ததால் பிரிக்கவில்லையாம். அவருடைய புத்தி அப்படி.

ஆஸ்பத்திரியில் வைத்தே கேட்டேன். "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல வாய் இல்ல, அதுக்கு மட்டும் பஸ் ஏறிப் போய் டாக்டரப் பாக்க கால் இருக்கா?" பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நெஞ்சு வலி ஒரு வருஷமாக இருக்கிறதாம். கம்பெனிக்குத் தெரிந்தால் ஷாஃப்ட்டிலிருந்து எடுத்து ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள் என்று மறைத்தாராம். எனக்குத் தெரிந்தால் நான் அழுவேன் என்று மறைத்தாராம்.

தம்பி, உன்னிடம் சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் மகன் அறைக்குப் போனது முதுகு வலியால் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, பக்கத்தில் கிடந்து ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று போனேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். சரி என்றார். அந்தச் சரியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அழுதிருக்கிறேன்.

நீல சேலை நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம் என்று எழுத இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சுகம்தான்.

அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் நெட்டையைப் போட்டேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நெஞ்சு வலி மாத்திரைச் சிமிழைத் தொடாமல் இருந்துவிட்டால் போதும் என்று கணக்கு. மதியம் ஒரு குடியிருப்பில் லிப்ட் நின்றுவிட்டது. லிப்ட் இல்லாவிட்டால் லிப்ட்காரனும் படிதானே ஏற வேண்டும். மேலே மெஷின் ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மாத்திரை, பிறந்தநாள் எதுவும் ஞாபகம் இல்லை. கை பழக்கத்தில் பைக்குப் போய்விட்டது. சிமிழைத் திறந்து ஒன்றை விரலில் எடுத்துவிட்டேன்.

அப்போது கீழே கதவைத் திறந்துகொண்டு ஷாஃப்ட்டுக்குள் தலையை விட்டு ஆபீஸ் கிளார்க் அம்மா கத்துகிறார். ஆபீசுக்கு அடுத்த கட்டடம்தான் அது, போன் வைத்த கையோடு ஓடி வந்திருக்கிறார். "பல்லிண்ணே, உங்க மச்சினர் பேசினாரு. அந்த மாத்திரை போட்டிருந்தா சிமிழ் மாத்திரை போடவே கூடாதாம். உயிர் போயிடுமாம்." ஷாஃப்ட்டில் ஒரு சொல் சொன்னால் எல்லா மாடிக்கும் கேட்கும். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஏதோ ஒரு மாடியிலிருந்து எந்த மாத்திரை என்று ஒரு குரல் கேட்டது. சிரிக்கலாம் போல இருந்தது, வலியில் சிரிக்க முடியவில்லை. விரலில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸில் என்ன போட்டேன் என்று மறைக்காமல் சொன்னேன். அதனால்தான் வேறு மருந்து கொடுத்தார்களாம்.

கிளார்க் அம்மா பிறகு சொன்னார். நீ போனில் பல்லி என்று ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டாயாம். இங்கே பல்லி ஒரே ஒருத்தர்தான், உங்க அத்தான்தான் என்றாராம். எப்போதும் சிமிழில் மிட்டாய் வைத்திருப்பார், படி ஏறினால் நாக்குக்கு அடியில் ஒன்று போட்டுக்கொள்வார், எங்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டார் என்றும் சொன்னாராம். நண்பருக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை பார். குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பெயர் என்று தைரியமாக எழுதிவிட்டேன்.

இதய டாக்டர் குட்டையும் வேண்டாம், நெட்டையும் வேண்டாம், முதலில் நெஞ்சு, மற்றது அப்புறம் பேசலாம் என்றார். இந்த முறை திரை இல்லை, அக்காவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த அன்றே தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நீங்க மூச்சு விடறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன், வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க என்றாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

ஸ்டோரில்தான் வேலை இனி. நாற்காலி ஆடுகிறது, நானே சரி செய்ய வேண்டும்.

உட்கார்ந்தே இருப்பதால் உன் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் தங்கச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ பதில் எழுதவில்லை. பதில் எழுதாதவனை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும், மாப்பிள்ளை.

அத்தான்


ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன் செய்தால் கடையில் கூட்டம் என்று வைத்துவிடுகிறாய். முழுப் பரீட்சை லீவு வந்து முடிந்தும் போய்விட்டது.

நேராகக் கேட்டால் நீ சொல்ல மாட்டாய். நானும் சொன்னவன் இல்லை. அதனால் இப்படிக் கேட்கிறேன். உன் கடைக்கு யாராவது நண்பர் வருகிறாரா? அவரைப் பற்றி எழுது. பெயர் வேண்டாம். திரைக்கு இந்தப் பக்கம் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அத்தான்


ஜூன் 30

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் நலம் என்று போனில் கேட்டுக்கொண்டேன். உங்கள் கடிதம் கல்லா மேஜைக்குள் இத்தனை நாள் இருந்தது. பிரித்துவிட்டேன், பதில்தான் எழுத வரவில்லை.

என் கடைக்கு ஒருவர் வருகிறார். பல்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயர் இப்போது காலியாகத்தானே இருக்கிறது. அவர் மனைவி வேறு ஊரில் வேலை பார்க்கிறார். முதலில் எல்லா லீவுக்கும் வந்தார். பிறகு பேப்பர் திருத்த வேண்டும் என்றார். பிறகு அங்கேயே ஒரு வீடு பார்த்துவிட்டேன், பாத்திரங்களை மட்டும் அனுப்பி வையுங்கள் என்றார். சண்டை எதுவும் இல்லை. அவரும் சரி என்றுதான் சொன்னார். பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, உடையாமல் பேப்பர் சுற்றி அனுப்பி வைத்தார். தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் வைத்துக்கொண்டார். யாராவது வந்தால் என்ன செய்வது என்று அப்போது தோன்றவில்லை.

அவருக்குக் குட்டையும் தேவையில்லை, நெட்டையும் தேவையில்லை. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. நாள் முழுக்க மற்றவர்களுக்கு எது தோது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஷட்டரை இறக்கிய பிறகு மாடிக்குப் போகாமல் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். மாடியில் தன்னுடைய காலடிச் சத்தம் மட்டும் கேட்பது அவருக்குப் பிடிப்பதில்லை.

அவர் உங்களிடம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொன்னார். வீடு ஒரே ஒரு மாடிதான், லிப்ட் இல்லை. அக்காவும் நீங்களும் மெதுவாக நின்று நின்று ஏறி வர டாக்டர் சம்மதிப்பாரா என்று கேட்கச் சொன்னார். சம்மதித்தால் முன்கூட்டியே எழுதுங்கள். தட்டு வாங்கி வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை